ஆமை போட்ட வாய்தா

தாமரைக் குளத்தில் இலைமேல் நடந்து திரியும் மருதன் என்ற இலைக்கோழி இருந்தது. இலைக்கோழிகளில் முட்டையை அடைகாப்பதும் குஞ்சை வளர்ப்பதும் தகப்பன்தான். மருதனும் தன் ஒரே குஞ்சைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்து வந்தது.

மருதனுக்கும் அதன் பெட்டைக்கும் மனஸ்தாபம் வந்தது. பெட்டை குஞ்சைக் கூட்டிக்கொண்டு வடகரை நாணலுக்குப் போய்விட்டது. மருதன் நியாயம் கேட்டு ஆமை நீதிபதியிடம் போயிற்று.

குமாஸ்தா நாமக்கோழி மனுவைப் புரட்டியது. 'அடைகாத்தவர்' என்ற இடத்தில் தாயின் பெயரைத்தான் எழுத வேண்டுமாம். பொய் எழுத மாட்டேன் என்று மருதன் மூன்று நாள் மல்லுக்கு நின்று, தன் பெயரையே எழுதியது. பிறகு நத்தையின் முத்திரை வேண்டும் என்றார்கள். நத்தை வந்து வைக்க எட்டு நாள். அதுவரை வாரம் ஒருமுறை நாணலுக்கு இப்பால் நின்று பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று உத்தரவு.

கடைசியில் ஆமை ஓட்டிலிருந்து தலையை நீட்டியது. எதையும் நிதானமாக விசாரிக்க வேண்டும் என்று சொல்லி, அடுத்த வருஷத்துக்கு வாய்தா போட்டது.

மருதன் ஆமைக்கு எதிரே இருந்த இலைக்குத் தாவியது.

"ஐயா, நீங்கள் நூறு வயது வாழ்கிறவர். உங்களுக்கு ஒரு வருஷம் பெரிதில்லை. என் பிள்ளை இரண்டு மாதத்தில் பறந்துவிடும். அப்புறம் யாரை எனக்குக் கொடுப்பீர்கள்?"

"இங்கே குரலை உயர்த்தக் கூடாது," என்றது நாமக்கோழி.

"உயர்த்தத்தான் செய்வேன். வழக்கை நீங்கள் கேட்கும்வரை விடவும் மாட்டேன்!"

ஆமை தண்ணீருக்குள் முங்கிவிட்டது. ஆனால் மூச்சுவிட மேலே வந்துதானே ஆகவேண்டும்? எழுந்த இடத்திலெல்லாம் பக்கத்து இலையில் மருதன் நின்று, "என் வழக்கு, ஐயா," என்றது. நாமக்கோழி விரட்டி விரட்டிக் களைத்துப் போயிற்று.

மூன்றாம் நாள் ஆமை பெட்டையையும் வரவழைத்து விசாரித்தது. அரைநாள்கூட ஆகவில்லை. குஞ்சு இரண்டு கரையிலும் மாறி மாறி வளரட்டும் என்று தீர்ப்புச் சொன்னது. குஞ்சு இலை இலையாகத் தாவி அப்பாவிடம் ஓடி வந்தது. அதற்குள் அப்பாவின் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்தது.

நீதிபதிக்கு நன்றி சொல்லும்படி நாமக்கோழி அதட்டியது.

"சொல்கிறேன். போன இரண்டு வாரத்தைத் திரும்ப வாங்க எந்த மனு எழுத வேண்டும் என்று முதலில் சொல்லுங்கள்," என்றது மருதன்.

ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

பிள்ளை வளரும் வேகத்துக்கு நீதி நடக்காவிட்டால், பெற்றவர் நீதிபதியின் வழியில் நின்று உரக்கக் கேட்பதில் தவறே இல்லை.