எச்சில் சீவாளி

திருவேயனூரில் ஆற்றங்கரை நாணலான கொறுக்கையின் புதர்களை ஒட்டிய குடிசையில் அரியநாச்சியார் வாழ்ந்து வந்தார். நாகசுரத்தின் முனையில் செருகி ஊதும் சீவாளியைச் செய்வது அவர் தொழில். கொறுக்கைத் தட்டையை அறுத்துத் துண்டாக்கி, நெல்லோடு சேர்த்து அவித்து, வெயிலில் உலர்த்தி, தட்டிப் பரப்பி, நூலால் இறுகக் கட்டுவார். கட்டிய சீவாளியை வாயில் நனைத்து ஊதிப் பார்த்தால்தான் அதன் பதம் தெரியும்.

கோயிலுக்குள் நுழைய அவர் குலத்துக்கு உரிமை இல்லை. நாதமுடையார் என்னும் அவ்வூர் இறைவனின் திருமேனியை அவர் கண்டதே இல்லை. அந்தி வழிபாட்டில் நாகசுரம் ஒலிக்கும்போது இடுப்பளவு நீரில் இறங்கி, கோபுரம் நோக்கிக் கைகூப்பி நிற்பார். காணக் கிடைக்காத கடவுளைக் காதால் வழிபட்டார்.

ஒரு திருவிழாவின் கொடியேற்ற நாளில், தட்டை அறுக்கப் போன அவர் கணவர் வீரையனைப் பாம்பு தீண்டியது. உடல் வாசலில் கிடக்கையில், கோயில் வித்துவான் சபாரத்தினத்தின் ஆள் வந்து நின்றான்.

"அழுவுறத அப்பறமா வச்சுக்க. கட்டி வச்சது எத்தனை இருக்கு? சாமி பொறப்பாடு நிக்கிது."

அரியநாச்சியார் எழுந்து உள்ளே போய், கணவர் கடைசியாக அறுத்துத் தந்த தட்டையில் கட்டிய ஐந்து சீவாளிகளைக் கொண்டுவந்து கொடுத்தார். அன்று மாலை நாகசுரம் ஒலித்தபோது இடுகாட்டிலிருந்தபடியே கைகூப்பினார்.

ஊர் அதையும் குற்றமாக்கியது. தாலியறுத்தவள் வாயில் வைத்த சீவாளி சாமி முன் ஒலிக்கலாமா என்ற பேச்சு, கோயில் அதிகாரி தாண்டவமூர்த்தியாரின் காதுக்குப் போயிற்று. அவர் அரியநாச்சியாரையும் சபாரத்தினத்தையும் கோயில் வாசலுக்கு அழைத்தார்.

பன்னிரண்டு ஆண்டுகளாக அந்தச் சீவாளியில் வாசித்துப் பரிசாகப் பெற்ற தங்கத் தோடா கையில் மின்ன சபாரத்தினம் வந்து நின்றார்.

"இவ வாயில வச்சத நீரும் வாயில வச்சு ஊதினீராமே?" என்று அதிகாரி கேட்டார்.

"ஆள் விட்டு வாங்குறேன். யாரு செய்யிறாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க."

அரியநாச்சியார் அவரை ஒருமுறை பார்த்தார். பிறகு தலை குனிந்துகொண்டார்.

"நீ சொல்லு. வாயில வச்சியா?"

"வச்சேன் எசமான். வைக்காம சுருதி சேராது. சாமிக்குப் போறதாச்சே, அதனால நல்லா ஊதிப் பாத்துத்தான் குடுத்தேன்."

சீவாளியைத் தாங்கும் சிறிய உலோகக் குழலுக்குக் கெண்டை என்று பெயர். சபாரத்தினத்தின் கெண்டையையே வாங்கி, நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, இரண்டு பேர் தலையைப் பிடித்துக்கொள்ள, அரியநாச்சியாரின் உதடுகளில் வைத்து அழுத்தினார்கள். "இனிமே ஊது பாப்போம்" என்று கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். சபாரத்தினம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கெண்டை ஆறியதும் அதைத் துடைத்து வாங்கிக்கொண்டு போனார்.

அன்று மாலையும் அரியநாச்சியார் ஆற்றில் நின்றார்.

புண் ஆறாமல் உதடுகள் கோணி இறுகின. ஒரு பக்கம் ஆறினால் மறுபக்கம் வெடித்தது. குடிக்கும் கஞ்சி பாதி மார்பில் வழிந்தது. அவரிடம் யாரும் சீவாளி வாங்கவில்லை. கொறுக்கை அறுக்கவும் தடை வந்தது. வெள்ளம் ஒதுக்கிய தட்டைகளைப் பொறுக்கி, நாளுக்கு ஒன்று கட்டினார். அதை இலையில் வைத்து, கோயில் படித்துறைப் பக்கம் மிதக்கவிடுவார்.

"பதம் பாக்கல சாமி. நீங்களே பாத்துக்குங்க."

படித்துறையில் குளிப்பவர்கள் அதைக் கண்டால் காலால் நசுக்கினார்கள். நசுங்கியவை மிதந்து வருவதை அவரும் கண்டிருக்கிறார். மறுநாளும் ஒன்று கட்டினார். ஓராண்டு இப்படியே கழிந்தது.

அடுத்த திருவிழாவில் பத்து நாளும் நாகசுரக் கச்சேரி என்று பறையறைந்தார்கள். முதல் கச்சேரி சபாரத்தினத்தினுடையது. அன்று உச்சிப்பொழுதில், உறையிட்ட நாகசுரத்தைத் தோளில் சுமந்த முதியவர் ஒருவர் குடிசைக்கு வந்தார்.

"சாயங்காலம் வாசிக்கணும். ஒரு சீவாளி குடும்மா."

"இருக்குங்க. ஆனா ஊதிப் பாக்கல. வாய் வெந்து போச்சு."

"பதம் பாக்காதத நான் வாயில வைக்கிறதில்ல."

"என் எச்சில் பட்டா உங்களையும் சுடுவாங்க ஐயா."

"சுடட்டுமே. நீ ஊது."

அரியநாச்சியார் சீவாளியை உதட்டில் வைத்தார். வெறும் காற்றுதான் வந்தது. மீண்டும் வைத்து அழுத்தினார். புண் வெடித்து இரத்தம் கசிந்தது. மூன்றாம் முறை, தட்டை பேசியது. இரத்தத்தைக் கழுவிவர அவர் பானையருகே திரும்புவதற்குள் முதியவர் சீவாளியை வாங்கித் தம் வாயில் வைத்துக்கொண்டார். "நல்ல பதம்" என்று சொல்லிவிட்டுக் கோயில் பாதையில் நடந்தார்.

மாலையில் சபாரத்தினம் வாசிக்க அமர்ந்தார். திரை விலகியது. நாதமுடையாரின் செப்புத் திருமேனியில், உதடுகள் கருகிக் கொப்புளித்திருந்தன. அவற்றின் நடுவே ஒரு சீவாளி. அதிகாரி சொல்ல, அர்ச்சகர் அதைப் பிடித்து இழுத்தார். சீவாளி வரவில்லை. இறைவனின் உதட்டிலிருந்து இரத்தம் வழிந்தது.

சபாரத்தினம் நாகசுரத்தைக் கீழே வைத்தார்.

"அத இழுக்காதீங்க. அது அரியநாச்சி கட்டுன கட்டு. பன்னெண்டு வருசமா நான் ஊதுனது அதுலதான். தெரியாதுன்னு அன்னிக்கிச் சொன்னது பொய்."

எல்லோரும் ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். அரியநாச்சியார் வழக்கம்போல் நீரில் நின்றிருந்தார். நாகசுரம் ஏன் இன்னும் ஒலிக்கவில்லை என்று கவலையோடு செவிசாய்த்திருந்தார். தாண்டவமூர்த்தியார் சேற்றில் விழுந்து, நடந்ததைச் சொன்னார்.

அந்த அம்மையார் யாரையும் வைதாரில்லை. ஒன்று மட்டும் கேட்டார்.

"சாமிக்கு ரொம்ப எரியுதா?"

மறுமொழிக்குக் காத்திராமல் கரையேறினார்.

"வெளக்கெண்ணெ தடவுனா கொஞ்சம் தணியும். எனக்கு அதான் கேட்டுச்சு" என்றவர், குடிசைக்குள் போய்க் கிண்ணத்தில் எண்ணெயை எடுத்துக்கொண்டு, ஈரச் சேலையோடு கோயிலுக்கு விரைந்தார். அவரைத் தடுக்க ஒருவரும் இல்லை. கருவறை வாசலில் நின்று, இத்தனை நாள் காணாத முகத்தைக் கண்டார். அருகில் போய், அந்த உதடுகளில் ஒரு விரலால் மெல்லத் தடவினார். இரத்தம் நின்றது.

அப்போது நாகசுரம் ஒலித்தது. சபாரத்தினத்தின் கருவி தரையில்தான் கிடந்தது. வாசிப்பவர் யாரென்று தெரியாமல் ஊர் திகைத்து நிற்க, கருவறை முழுவதும் ஒளி நிறைந்தது. ஒலியும் ஒளியும் அடங்கியபின் பார்த்தால், எண்ணெய்க் கிண்ணம் மட்டும் இருந்தது. அரியநாச்சியாரைக் காணவில்லை.

தம் வாய் வெந்ததைச் சொல்லி அழாமல், இறைவனுக்கு எரியுமே என்று ஓடிய அந்தத் தாயின் அன்பு பெரிது. அவர் ஈரக் காலடி பட்ட மண்ணும் நம் தலைமேல் இருக்கத் தகும்.