சண்முகத்தாயின் முறை

கோமதிநாயகம் ஜவுளிக்கடையில் துணி விரித்துக் காட்டியே பாதி வயதைக் கழித்தவர். கடையை மூடியபோது அவருக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. சங்கரன்கோவிலில் பல் மருத்துவமனை வைத்திருந்த டாக்டர் ராபியா அப்போது உதவிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். ராபியாவுக்கு அவரைவிடப் பத்து வயதுக்கு மேல் குறைவு.

"கத்துக்க இஷ்டம் இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டார் ராபியா.

"இருக்கு டாக்டரம்மா. நீங்க சொல்லித் தாங்க."

அன்றிலிருந்து அவர் மாணவர். முதல் வேலையாக அவருக்கு மஞ்சள்காமாலைத் தடுப்பூசி போட வைத்தார் ராபியா. அப்புறம்தான் அறைக்குள்ளேயே விட்டார். எந்தக் குழாயில் தண்ணீர் வருகிறது, எந்தக் குழாய் எச்சிலை உறிஞ்சுகிறது, கருவிகளை நீராவியில் வேக வைப்பது எப்படி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார்.

காலையில் கதவைத் திறந்ததும் கோமதிநாயகம் ஜன்னல்களைத் திறப்பார். குழாய்களில் இரவெல்லாம் தேங்கிய தண்ணீரை ஓடவிடுவார். நாற்காலி, விளக்கின் கைப்பிடி, தட்டு, துப்பும் தொட்டி எல்லாவற்றிலும் கிருமிநாசினியை அடித்துத் துடைப்பார். கைபடும் இடங்களுக்குப் புதிய பிளாஸ்டிக் உறை போடுவார். கருவிப் பொட்டலங்களை எடுத்து, நீராவியில் வெந்ததற்கு அடையாளமாக மேலிருக்கும் பட்டை நிறம் மாறியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். எல்லாம் முடிந்ததும் வாசலில் நின்று அறையை ஒரு பார்வை பார்ப்பார். கடையில் துணிகளை அடுக்கி முடித்த திருப்தி அதில் இருக்கும்.

அன்றும் அப்படி நின்றுகொண்டிருந்தபோதுதான் சண்முகத்தாய் வந்தாள். பூ மார்க்கெட்டில் பூ கட்டுகிறவள். ஒரு பக்கக் கன்னம் வீங்கி, கண் வரைக்கும் ஏறியிருந்தது. முந்தானையால் மூடியிருந்தாள்.

ராபியா அவளை உட்காரச் சொல்லி வாயைப் பார்த்தார். மேல் கடைவாய்ப்பல். எடுத்தாக வேண்டும்.

"வேற ஏதாவது நோய் இருக்காம்மா? மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?"

சண்முகத்தாய் கையிலிருந்த பையை இறுக்கிப் பிடித்தாள்.

"எனக்கு ரத்தத்துல மஞ்சக்காமாலைக் கிருமி இருக்கு டாக்டர். பி-ங்கற வகை. திருநெல்வேலியில வைத்தியம் பாக்கேன். இந்தா, சீட்டு."

கோமதிநாயகத்தின் கை தானாகப் பின்வாங்கியது.

ராபியா சீட்டை வாங்கி நிதானமாகப் படித்தார். "ரத்தம் உறையிறது எல்லாம் சரியா இருக்கு. இதுக்கு முன்னாடி எங்கயாவது காட்டினீங்களா?"

"ரெண்டு இடத்துல காட்டினேன். இதைச் சொன்னதும் ஒருத்தர் மிஷின் ரிப்பேர்ன்னார். இன்னொருத்தர் அடுத்த வாரம் வாங்கன்னார். அடுத்த வாரம் போனா, அதுக்கு அடுத்த வாரம்ன்னார்."

"அப்புறமும் இங்க வந்து சொல்லுறீங்க."

"சொல்லாம இருந்திரலாம்னுதான் வீட்டுல சொன்னாவ. எனக்கு மனசு கேக்கல. ஊசி தவறி உங்க கையில குத்திருச்சுன்னா? உங்களுக்கும் பிள்ளைக இருக்கும்லா."

ராபியா எழுந்தார். "கொஞ்ச நேரம் வெளியில உக்காருங்கம்மா. கூப்பிடுறேன்."

அவள் வெளியே போனாள். பெஞ்சில் அதற்குள் இன்னும் சிலர் வந்து சேர்ந்திருந்தார்கள்.

கோமதிநாயகம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"டாக்டரம்மா, ஒரு சந்தேகம்."

"கேளுங்க."

"இந்தம்மாவைக் கடைசியா வரச் சொன்னா என்ன? எல்லாரும் போனப்புறம்."

"எதுக்கு?"

"அவங்க போனதும் அறையை நல்லா சுத்தம் பண்ணிரலாம்லா. வேண்டாம்னு சொல்லல. எல்லாருக்கும் பாதுகாப்பு பாருங்க."

"நல்லா சுத்தம்னா எப்படி? சொல்லுங்க, கேப்போம்."

கோமதிநாயகத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி சொன்னார். எல்லா உறைகளையும் கழற்றிப் போடுவார். மேலுறை இருந்தாலும் அடியில் இருக்கும் கைப்பிடியையும் துடைப்பார். நாற்காலியின் மடிப்புக்குள், துப்பும் தொட்டியின் பின்பக்கம், டாக்டர் உட்காரும் ஸ்டூலின் அடி என்று எதையும் விடமாட்டார்.

"முக்கியமா, மருந்தை அடிச்சதும் துடைக்கக் கூடாது. பாட்டில்ல போட்டிருக்கற நேரம் வரைக்கும் ஈரம் காயாம இருக்கணும். அப்பதான் கிருமி சாகும். நீங்க சொல்லித் தந்ததுதான்."

"தினமும் அப்படித்தான் விடுறீங்களா?"

கோமதிநாயகத்தின் உற்சாகம் அடங்கியது.

"கூட்டம் இல்லன்னா விடுவேன். கூட்டம் இருந்தா அடிச்சதும் துடைச்சிருவேன். நீங்க 'அடுத்தவங்க'ன்னு குரல் குடுத்திருவீங்கள்லா."

ராபியா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

"ஆமா," என்றார். "குரல் குடுக்கறது நான்தான்."

கதவு முழுக்கச் சாத்தியிருக்கவில்லை. இடைவெளியில் சண்முகத்தாய் நின்றுகொண்டிருந்தாள். பையைத் தோளில் மாட்டியிருந்தாள்.

"நான் கடைசியாவே வாரேன் அண்ணாச்சி," என்றாள். அவள் குரலில் கோபமே இல்லை. "எனக்கு அது பழக்கம்தான். எத்தனை மணிக்குன்னு மட்டும் சொல்லுங்க. பூவைக் குடுத்துட்டு வந்திருதேன்."

கோமதிநாயகத்துக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. கடையில் எத்தனையோ பேரை வாசலுக்கே போய் அழைத்து உட்கார வைத்தவர் அவர். வந்தவர்களை ஒருநாளும் நிற்கவைத்துப் பேசியதில்லை.

"உங்க முறை இப்பதாம்மா," என்றார் ராபியா. "அண்ணாச்சி அறையைத் தயார் பண்ணணும். அவ்வளவுதான்."

அவள் போய் உட்கார்ந்ததும் கோமதிநாயகம் சொன்னார், "அறை தயாராத்தானே இருக்கு டாக்டரம்மா. காலையிலேயே முடிச்சிட்டேனே."

"இப்ப ஒண்ணு சொன்னீங்களே, கடைசி ஆள் போனப்புறம் செய்யறதா. அதைச் செய்யுங்க."

"அது அவங்க போனப்புறம்ல செய்யணும்?"

"அவங்க வர்றதுக்கு முன்னாடி செய்யுங்க."

"முன்னாடியா?"

"அவங்க ஈரல் ஏற்கெனவே ஒண்ணோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கு. நேத்து இந்த நாற்காலியில உக்காந்தவங்க வச்சிட்டுப் போனது எதையும் அவங்க வாங்கிட்டுப் போகக் கூடாது."

கோமதிநாயகம் நாற்காலியைப் பார்த்தார். நேற்று அதில் யார் யார் உட்கார்ந்தார்கள் என்று யோசித்தார். தாசில்தார் ஆபீஸ் கிளார்க். ஒரு கல்யாணப் பெண். சிரித்துக்கொண்டே வந்து சிரித்துக்கொண்டே போன பெட்டிக்கடைக்காரர். எல்லாரும் நல்லவர்கள். யாருடைய ரத்தத்தில் என்ன ஓடுகிறதென்று அவருக்குத் தெரியாது.

கையுறை மாட்டிக்கொண்டார். காலையில் போட்ட உறைகளை எல்லாம் உரித்து எடுத்தார். நாற்காலியின் மடிப்பை விரித்து மருந்தை அடித்தார். பிறகு துணியைக் கையில் வைத்துக்கொண்டு, துடைக்காமல் நின்றார்.

சும்மா நிற்பது கஷ்டமாக இருந்தது. வெளியே யாரோ பெருமூச்சு விட்டார்கள். "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று ஒரு குரல் கேட்டது. கோமதிநாயகத்தின் கை துணியோடு நாற்காலிக்குப் போனது.

ராபியா கதவருகே போய், "கொஞ்சம் பொறுங்க. அறை தயாராகுது," என்றார். பிறகு அங்கேயே, கையைக் கட்டிக்கொண்டு, அவரோடு சேர்ந்து நின்றார்.

நேரம் முடிந்ததும் கோமதிநாயகம் துடைத்தார். புதிய உறைகளைப் போட்டார். வாசலுக்குப் போய், "வாங்கம்மா," என்று சண்முகத்தாயை அழைத்தார். கடையில் அழைக்கிற அதே குரல்.

அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"நல்லா சாஞ்சு உக்காருங்க," என்றார் கோமதிநாயகம். "உங்களுக்காகத்தான் துடைச்சிருக்கு."

"எனக்காகவா?" என்று அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சாய்ந்துகொண்டாள்.

மரத்துப்போகும் ஊசியைப் போடும்போது அவள் கை காற்றில் எதையோ தேடியது. கோமதிநாயகத்தின் கை பக்கத்தில்தான் இருந்தது. ஒரு கணம் அது அசையவில்லை. அப்புறம் போய் அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டது. கையுறைக்குள் இருந்தாலும் அவள் விரல்களின் சூடு அவருக்குத் தெரிந்தது. நார் அறுத்து அறுத்துக் காய்த்துப்போன விரல்கள்.

பல் முரண்டு பிடித்தது. ராபியா அவசரப்படவில்லை. கடைசியில் அது வந்து தட்டில் விழுந்தபோது மூவரும் ஒன்றாக மூச்சுவிட்டார்கள். பஞ்சைக் கடித்தபடி சண்முகத்தாய் கையெடுத்துக் கும்பிட்டாள். பேச முடியவில்லை.

அவள் போனதும் கோமதிநாயகம் வேலையைத் தொடங்கினார். ஊசியை அதற்கான டப்பாவில் போட்டார். கருவிகளை எடுத்துக் கழுவ வைத்தார். உறைகளை உரித்தார். மருந்தை அடித்தார். துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இந்த முறை நிற்பது அவ்வளவு கஷ்டமாக இல்லை. ஆனால் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை.

ராபியா கை கழுவிக்கொண்டிருந்தார். 'அடுத்தவங்க' என்று குரல் கொடுக்கவில்லை.

"டாக்டரம்மா."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"அந்தம்மா நல்ல மனசு. வாயைத் திறந்து சொல்லிட்டாங்க, நமக்குத் தெரிஞ்சுது. சொல்லாம மறைக்கறவங்க இருப்பாங்க. தனக்கு இருக்குன்னு தனக்கே தெரியாதவங்களும் இருப்பாங்க. அப்படி யாராவது வந்தா நாம என்ன செய்யறது?"

ராபியா கையைத் துடைத்துக்கொண்டு, புதிய கையுறையை எடுத்தார்.

"அப்படிப்பட்டவங்க வெளியில பெஞ்சுலதான் உக்காந்திருக்காங்க," என்றார். "நேரம் முடிஞ்சதும் துடைச்சிட்டு, ஒவ்வொருத்தராக் கூப்பிடுங்க."