வரப்பைப் பிடிச்ச மஞ்சப்பூ

ஒரு வாய்க்கா ஓரத்துல ஒரு ஊராம். அந்த ஊர்ல செங்கமலம்னு ஒருத்தி. சுத்தம்னா அப்படி ஒரு சுத்தம் அவளுக்கு! வரப்பு ஓரத்தை மண்வெட்டியால செதுக்கி அண்டை வெட்டினான்னா, சரக் சரக்னு ஒரு புல்லு மிஞ்சாது. ம் கொட்டுறியா? கொட்டு.

பக்கத்து வயலு அவ கொழுந்தன் வைரக்கண்ணுது. அவன் வரப்பு பூரா மஞ்சக் கரிசாலைக் கொடி படந்து கெடக்கும். கோடையில வாடும், ஈரம் பட்டதும் மறுபடி துளுத்துப் பூக்கும். "சோம்பேறி வரப்பைப் பாரு"ன்னு இவ ஊரு கேக்க வைவா.

அப்புறம் செங்கமலம் நாத்து விட்டா. வாய்க்கால்ல நாலே நாளுதான் தண்ணின்னுட்டாங்க. தேக்கலைன்னா நாத்து கருகிரும், அந்த வருசம் நடவே இல்ல.

மொத நாளு தண்ணி கட்டினா. வரப்பு பொளக்! சேத்தை அள்ளி அப்பினா. ரெண்டாம் நாளு அதுவும் பொளக்! வைக்கோலு வச்சு மிதிச்சா. மூணாம் நாளு பொளக், பொளக்! கல்லைத் தூக்கிப் போட்டா. கல்லைச் சுத்திக்கிட்டுப் போச்சு தண்ணி, சலசலசலன்னு. அழுகையா வந்துச்சு அவளுக்கு.

அப்போதான் யோசிச்சா. அதே மண்ணு, அதே தண்ணி. அவன் வரப்பு மட்டும் ஏன் ஒடையல?

அவன் வரப்புல குத்துக்காலிட்டு உக்காந்து ஒரு கொடியை இழுத்தா. வரல. இன்னும் இழுத்தா. ம்ஹும்! விலக்கிப் பாத்தா, கணுவுக்குக் கணு வேரு! எல்லாம் மண்ணைக் கவ்விக்கிட்டு இருக்கு. "அடி ஆத்தீ! நீ சும்மா பூத்துக்கிட்டுக் கெடக்கேன்னுல்ல நெனைச்சேன்!"

இப்போ கேக்கணுமே. யாருகிட்ட? தான் வைஞ்ச ஆளுகிட்டயே. வெக்கமாத்தான் இருந்துச்சு. முந்தானையைத் திருகிக்கிட்டே போனா. "தம்பி, உங்க வரப்புப் பூவுல கொஞ்சம்..."

அவன் சிரிச்சுட்டான். "எடுத்துக்குங்க அண்ணி. என் சோம்பேறித்தனத்துல பாதி உங்களுக்கு."

அப்புறம் ரெண்டு பேருமா வேரும் மண்ணுமாக் கட்டி கட்டியாப் பேத்து, ஒடைஞ்ச எடத்துல வச்சு, தொம் தொம்னு மிதிச்சாங்க. நாலாம் நாளு. கடைசித் தண்ணி. வந்து முட்டுச்சு... முட்டுச்சு... நின்னுடுச்சு! நாத்து பொழைச்சுது.

அடுத்த வருசம் அவ அண்டை வெட்டுறப்ப வைரக்கண்ணு கேலி பண்ணினான். "என்ன அண்ணி, இவ்வளவு பூவை விட்டுட்டீங்க?"

"அது நம்ம வயக்காட்டுக் காவக்காரி தம்பி. தூங்குறவ மாதிரி இருப்பா, புடியை மட்டும் விடமாட்டா."

ம் வரலையே? கண்ணு சொருகிருச்சு. என் விரலை மட்டும் விடமாட்டேங்குற. சரி, கதை கரை சேந்துச்சு, தூங்கு.