ஒன்றரை ஜிபியும் மூன்றாம் பாடமும்

ஒரு கைபேசிக்குள் ஒரு பாடம் குடிவந்தது. கல்லூரி முதலாண்டு, நுண்பொருளியல் அறிமுகம், மூன்றாம் பாடம், வாய்ப்புச் செலவு. நாற்பத்தெட்டு நிமிடம் ஓடும் வீடியோ அது. கோட்டுப் போட்ட பேராசிரியர் ஒருவர் என்றைக்கோ பேசியதைப் பிடித்து வைத்தது. ஆனாலும் தானேதான் அந்தப் பேராசிரியர் என்று அதற்கு நினைப்பு.

கைபேசி ஜெனோவாவுடையது. கன்னியாகுமரிப் பக்கம் கடற்கரை ஊர். வீட்டிலிருந்தபடியே ஆன்லைனில் பட்டம் படிக்கிறாள். வீட்டில் அவளும் அம்மா லூர்து மேரியும்தான். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கைபேசி. அப்பா சூசை சரக்குக் கப்பலில் சமையல்காரர். கப்பல் கடலில் இருக்கும்வரை அவரிடமிருந்து ஒரு சொல் வராது. கரை பிடித்தால் துறைமுகத்து இணையத்தில் அரை மணி நேரம் முகம் பார்த்துப் பேசலாம். பேசி நாற்பத்து மூன்று நாள் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கப்பல் கரை சேரும் என்று சொல்லியிருந்தார். அந்த அரை மணிக்காகத்தான் தாயும் மகளும் காத்திருந்தார்கள்.

அதே கைபேசிக்குள் இன்னொரு ஜீவனும் உண்டு. பெயர் ஒன்றரை. அந்த வீட்டின் ஒரு நாள் டேட்டா, ஒன்றரை ஜிபி. தினம் ஒன்று பிறக்கும், அன்றைக்கே தீரும். வெளியிலிருந்து எது வந்தாலும் கைப்பிடித்து உள்ளே கூட்டிவருவது அதன் வேலை.

வெள்ளிக்கிழமை காலை ஜெனோவா கைபேசியை அரிசி டின்மேல் சாய்த்து வைத்துப் பாடத்தை ஓடவிட்டாள். ஆன்லைன் கல்லூரியின் சட்டம் அப்படி. நடுவில் தாவாமல் முழுதாக ஓடினால்தான் பச்சை டிக் விழும். அறுந்துபோனால் முதலிலிருந்து. இரண்டு தடவை அறுந்துபோய், இது மூன்றாம் ஓட்டம்.

"பாத்தியா, மூணாவது தடவையா என்னைக் கேக்குறா. என்ன ஆர்வம்!" என்றது பாடம்.

"யாரு கேக்குறா? அவ குழாயடில குடத்தோட நிக்கிறா. நீ அரிசி டின்னுக்குப் பாடம் எடுத்துட்டு இருக்கே" என்றது ஒன்றரை.

பாடத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. "குரலாவது அங்கவரைக்கும் கேக்கும்ல?"

"சத்தத்தையும் அமத்திட்டுத்தான் போயிருக்கா."

"அப்புறம் எதுக்கு என்னை ஓட விட்டா?"

"டிக்குக்குத்தான். அதை விடு. நீ கொஞ்சம் கொறைச்சுத் தின்னு. படத்தை மங்கலாக்கிக்க. சாயங்காலம்வரைக்கும் இந்த வீட்டுக்கு நான் வேணும்."

"மங்கலாவா? அப்புறம் என் கோட்டு கலரு எப்படித் தெரியும்?"

அவமானத்தை மறைக்கப் பாடம் குரலை உயர்த்தியது. "ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, அதற்காக நாம் கைவிடுகிற அடுத்த சிறந்த ஒன்றுதான் வாய்ப்புச் செலவு. இப்போது ஆப்பிளையும் ஆரஞ்சையும் எடுத்துக்கொள்வோம்..." என்று அரிசி டின்னைப் பார்த்து முழங்கிக்கொண்டே போனது. அந்த வீட்டில் ஆப்பிள் வாங்கி ஒரு வருஷம் இருக்கும்.

நாற்பத்தெட்டாம் நிமிடம் முடிந்தது. பச்சை டிக் விழுந்தது. அதே நொடியில் ஒன்றரை உயிரை விட்டது.

பாடம் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது வெளியே படபடவென்று தட்டும் சத்தம்.

"கதவைத் திற! கப்பல்ல இருந்து வர்றேன்!"

"யாரு?"

"சூசை அனுப்பின அழைப்பு. கப்பல் ரெண்டு நாள் முந்தியே கரை புடிச்சிட்டு. அரை மணி நேரந்தான் இருக்கு. ஒன்றரை எங்க? அவனை வரச்சொல்லு, என்னை உள்ள கூட்டிட்டுப் போவான்."

பாடம் குரலைத் தாழ்த்தியது. "அவன்... இல்ல."

"இல்லன்னா? காலையிலதானே பொறந்திருப்பான்?"

"நான் தின்னுட்டேன்" என்றது பாடம்.

அழைப்பு மறுபடியும் தட்டியது.

லூர்து மேரி உலைக்கு அரிசி எடுக்க வந்தாள். பாடம் தன் உயிரையெல்லாம் திரட்டிக் கத்தியது. "அம்மா! உங்க வீட்டுக்காரர் வாசல்ல நிக்கிறாரு! கைபேசியைப் பாருங்க!"

அமத்தி வைத்த சத்தம் அமத்தியபடியே இருந்தது. அவள் கைபேசியை நகர்த்தி வைத்து, டின்னைத் திறந்து, இரண்டு உழக்கு அரிசி அளந்துகொண்டு போனாள். ஒரு முழத் தூரத்தில் அவள் கணவன் தட்டிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியவில்லை.

ஜெனோவா குடத்தை இறக்கிவிட்டு ஓடிவந்தாள். "எம்மா, டிக்கு விழுந்துட்டு!"

"ஞாயித்துக்கிழம அப்பாட்ட மறக்காம சொல்லு பிள்ளே. சந்தோசப்படுவாரு."

வெளியே ஏழாவது தடவை தட்டல் கேட்டது. எட்டாவது கேட்கவில்லை.

மறுநாள் காலை புது ஒன்றரை வேலைக்கு வந்ததும், வாசலில் கிடந்ததையெல்லாம் அள்ளி உள்ளே கொட்டியது. எடுக்காத அழைப்புகள் ஏழு. கூடவே சூசை நேற்றே தன் குரலில் அனுப்பிய ஒரு செய்தி.

"மக்களே, கப்பலு இன்னைக்கே வந்துட்டு. நீங்க எடுக்கல்ல. வேலையா இருந்திருப்பிய. இன்னும் செத்த நேரத்துல கெளம்பிருவோம். இனி அடுத்த கரைக்கு அம்பது நாளாவும். அம்மாட்ட நான் நல்லா இருக்கேன்னு சொல்லு."

லூர்து மேரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "போனு இங்கதான இருந்து? அடிக்கவே இல்லியே பிள்ளே!"

ஏன் அடிக்கவில்லை என்று ஜெனோவாவுக்குப் புரிந்துவிட்டது. அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை.

அன்று மதியத்துக்குள் மூன்றாம் பாடத்தின் தேர்வை முடித்தாக வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு திறந்தாள். ஒரே ஒரு கேள்வி இருந்தது. வாய்ப்புச் செலவுக்கு உங்கள் வாழ்விலிருந்து ஓர் எடுத்துக்காட்டு தருக.

அவள் ஒரு சொல்லை மட்டும் தட்டி அனுப்பினாள்.

அப்பா.

விடை திருத்தும் இயந்திரம் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. சிவப்பு எழுத்தில் பதில் வந்தது. "தவறு. பாடத்தை மீண்டும் ஒருமுறை முழுமையாகப் பார்க்கவும்."