கீழத்தெருவுக்குப் போட்ட நாற்காலி

இந்தக் கதையை மாசானம் பல வருஷங்களாக நம்பவில்லை. சொன்னது ஒரு நாற்காலி என்பதற்காக அல்ல. அவருடைய ஊரில் நாற்காலிகள் பேசும், தெருக்கள் எழுந்து நடக்கும், தெருக்களே கூடி நகராட்சியையும் நடத்தும். அவரால் நம்ப முடியாதது ஒன்றுதான்: தன் தெரு அதற்குச் சம்மதித்தது என்பது.

நாற்காலி சொன்னது இதுதான்.

ஒரு மழைக்காலம் முடிந்ததும் வெள்ளத் தடுப்புத் திட்டம் போடுவதற்காகத் தெருக்கள் நகராட்சி மன்றத்தில் கூடினார்கள். கடைத்தெருதான் தலைவர். மேலத்தெரு, பேங்க் காலனி என்று ஆளுக்கொரு இருக்கை. கீழத்தெரு மட்டும் கதவோரம் நின்றாள். அவளுக்கு அங்கே நாற்காலி கிடையாது. அவள் கேட்டதும் கிடையாது.

மழைநீர் வடிகால் கட்டுவதென்று சீக்கிரமே முடிவாயிற்று.

“என் வாசல்ல இருந்து ஆரம்பிங்க,” என்றார் மேலத்தெரு. “போன மழைக்கு என் கார் ஷெட்டுல தவளை குடித்தனம் வச்சிட்டு.”

“எங்க காலனிக்கும் ஒரு கிளை வேணும்,” என்றார் பேங்க் காலனி.

மேசையில் விரிந்து கிடந்த வரைபடம் லேசாகத் தலையைத் தூக்கியது. “ஆரம்பம் சரி. எங்க கொண்டுபோய் முடிக்க?”



“ஆத்துலதான்,” என்றார் கடைத்தெரு.

“ஆத்துக்குப் போற ஓடை மேல என் கல்யாண மண்டபம்லா நிக்கி? அதை இடிக்கச் சொல்லுதீரா?” என்றார் மேலத்தெரு.

“சேச்சே, யாரு சொன்னா? சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.”

பிறகு எல்லோரும் மெதுவாகக் கதவுப் பக்கம் திரும்பினார்கள். எந்தத் தெருவில் தண்ணீர் போய் முடிகிறதோ அந்தத் தெரு தன் வாயால் சம்மதம் சொல்ல வேண்டும் என்பது மன்றத்தின் விதி. கடைத்தெரு எழுந்து போய், அடுத்த அறையிலிருந்து ஒரு தேக்கு நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார்.

“ஏன் தங்கச்சி நிக்கீங்க? உட்காருங்க.”

யாரைச் சொல்கிறார் என்று கீழத்தெரு பின்னால் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். மற்றவர்களுக்கு வந்த அதே பீங்கான் கோப்பையில் அவளுக்கும் டீ வந்தது. தோளில் ஒரு பொன்னாடை விழுந்தது.

“திட்டத்துக்கே உங்க பேருதான் வைக்கப் போறோம். என்ன சொல்லுதீங்க தங்கச்சி?”

போன மழைக்கே தன் வீடுகளில் இடுப்பளவு தண்ணீர் நின்றது என்று சொல்லத்தான் அவள் வந்திருந்தாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டும் வந்தாள். ஆனால் கையில் டீ இருந்தது. எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவளும் சிரித்தாள்.

“சரிங்க,” என்றாள்.

போகும்போது நாற்காலியையும் மரியாதையாகக் கொடுத்தனுப்பினார்கள்.

வடிகால் தனக்குச் சொன்ன வேலையைச் சரியாகச் செய்தது. அடுத்த ஐப்பசியில் ஊர்த் தண்ணீர் மொத்தத்தையும் கீழத்தெருவில் கொண்டுவந்து இறக்கியது. தண்ணீர் ஒவ்வொரு கதவாகத் தட்டி, “இங்கதான் போகச் சொன்னாங்க,” என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தது. மாசானத்தின் வீட்டில் அடுப்படிச் சுவர் சரிந்தது. அவர் மனைவி பேச்சியம்மாள் அதற்கு அடியில் இருந்தாள்.

திட்டம் வெற்றி என்று மன்றம் தீர்மானம் போட்டது. கீழத்தெரு வண்டலுக்குக் கீழே படுத்தவள்தான், பிறகு எழுந்திருக்கவும் இல்லை, பேசவும் இல்லை.

நாற்காலி மட்டும் மிதந்து வந்து மாசானத்தின் வாசலில் தட்டி நின்றது. அவர் அதைக் கழுவிச் சுவரோரம் போட்டார். தானும் உட்காரவில்லை, பிறரையும் உட்கார விடவில்லை.

“ஒரு டீக்கும் ஒரு துண்டுக்குமா எங்களை வித்தா?” என்று அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

“விக்கல, மாசானம். உட்கார்ந்தா. அவ்வளவுதான்.”

“நீ அவங்க மரம். அவங்களுக்குத் தோதாத்தான் சொல்லுவ.”

“மிரட்டினாங்கன்னு நான் சொன்னா உனக்கு நிம்மதி. நடக்காததை எப்படிச் சொல்ல?”

மன்றத்தில் அவளை அடித்திருப்பார்கள், ஏமாற்றியிருப்பார்கள், கையைப் பிடித்துக் கையெழுத்து வாங்கியிருப்பார்கள் என்று விதவிதமாக நினைத்துப் பார்ப்பார். அப்படி நினைத்தால்தான் பேச்சியின் முகத்தை நினைக்க முடிந்தது.

இந்த வருஷம் கடைத்தெருவே அவர் வாசலுக்கு வந்தார்.

“ரெண்டாம் கட்டம் ஆரம்பிக்கோம், அண்ணாச்சி. புது பஸ் ஸ்டாண்டுத் தண்ணியையும் வடிகால்ல சேர்க்கணும். உங்க தெருதான் பேச்சு மூச்சில்லாம கெடக்கே. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. அந்த நாற்காலியையும் கொண்டாந்திருங்க, மன்றத்துல ஒண்ணு குறையுது.”

முந்தின நாள் வரை கடைத்தெரு அவரை ‘ஏல மாசானம்’ என்றுதான் கூப்பிட்டார்.

மாசானம் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மன்றத்துக்கு நடந்தார். ‘முதல்ல கல்யாண மண்டபத்தை இடிங்க’ என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

உள்ளே நுழைந்ததும் எல்லாத் தெருக்களும் எழுந்து நின்றார்கள். “வாங்க அண்ணாச்சி, வாங்க, வாங்க!” மேலத்தெரு ஓடிவந்து நாற்காலியை இறக்கி, அவர் முழங்காலுக்குப் பின்னால் பதமாக நகர்த்திப் போட்டார். பீங்கான் கோப்பையில் டீ வந்தது. யாரோ பொன்னாடையை உதறிப் பிரிக்கும் சத்தம் கேட்டது.

மாசானம் சிரித்தார். தான் சிரிப்பது அவருக்கே அப்புறம்தான் தெரிந்தது. கொண்டுவந்த வாக்கியம் நெஞ்சில்தான் இருந்தது, ஆனால் அதன் முதல் வார்த்தை எதுவென்று பிடிபடவில்லை. முழங்கால்கள் அவரைக் கேட்காமலே மடங்கத் தொடங்கியிருந்தன.

நாற்காலி சொன்ன கதையை அப்போதுதான் அவர் நம்பினார்.

அதன் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டு, பாதி குனிந்தபடி, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்:

“நான் உட்கார்ந்தா, திரும்ப எழுந்திரிக்க விடுவியா?”