ஏரி நடுவே எடுத்த அளவு

பேராசிரியர் வேதாசலத்துக்கும் லிண்ட் என்ற ஜெர்மானியருக்கும் பல வருடங்களாகக் கடிதத்திலேயே சண்டை. ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்ததில்லை.

மூடிய பாத்திரத்துக்குள் மின்னேற்றி விரியவைத்த தங்க இதழ்கள், யாரும் தொடாமலே மெல்லக் குவிந்துவிடும். ஏதோ ஒரு கதிர் அந்த மின்சாரத்தைக் கசியவைக்கிறது. அது வானத்திலிருந்து வருகிறது என்றார் வேதாசலம். மண்ணிலிருந்து என்றார் லிண்ட்.

சென்னையில் வேதாசலத்திடம் படித்து, அவருக்கே உதவியாளராகித் தலை நரைத்தவர் மாசிலாமணி. ஜெர்மன் தபால்தலையைப் பார்த்தாலே அவருக்கு வயிறு எரியும். கடிதத்துக்குக் கடிதம் ஒரு மறுப்பு. ஐயாவோ அதைப் படித்த கையோடு அந்தத் தங்க இதழ்க் கருவியைத் தூக்கிக்கொண்டு மலைக்கோ கிணற்றடிக்கோ கிளம்பிவிடுவார்.

கடைசியாக வந்த கடிதத்தில் லிண்ட் கேட்டிருந்தார்: ‘ஏரி நடுவே வைத்துப் பார்த்தீர்களா? தண்ணீர் மண்ணின் கதிரைத் தடுத்துவிடும். வானத்திலிருந்து வருவதானால் அங்கும் கசிவு குறையக்கூடாது.’

பதில் போடுவதற்குள் யுத்தம் மூண்டது. தபால் நின்றது.

யுத்தம் ஓய்ந்தபின் லிண்டின் மனைவி எழுதியிருந்தார். கணவர் போர்முனையிலேயே இறந்துவிட்டாராம்.

வேதாசலம் அன்று வகுப்புக்குப் போகவில்லை.

சில நாள் பொறுத்து மாசிலாமணி கேட்டார். “ஐயா, இனி மறுக்க ஆளில்லை. நம் கட்டுரையை லண்டனுக்கு அனுப்பிவிடலாமே?”

“ஏரி பாக்கி இருக்கிறது.”

“கேட்டவரே போய்விட்டாரே, ஐயா.”

வேதாசலம் கருவியைத் துணியில் சுற்றத் தொடங்கினார்.

பழவேற்காட்டு ஏரியில் படகு பிடித்தார்கள். மழை மூட்டம். கரையில் வைத்துப் பார்த்தபோது இதழ்கள் வழக்கம்போலக் குவிந்தன. ஏரியின் ஆழமான இடத்தில் படகை நிறுத்தச் சொல்லி, மாசிலாமணி மறுபடி மின்னேற்றினார்.

இதழ்கள் ஏறக்குறைய விரிந்தபடியே நின்றன.

திரும்பவும் மின்னேற்றினார். அப்போதும் அப்படியே.

“என்ன?” என்றார் வேதாசலம்.

“கசிவு ரொம்பக் குறைவு, ஐயா. கரையில் இருந்ததில் பாதிகூட இல்லை.”

வேதாசலம் தானே குனிந்து பார்த்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

“லிண்ட் சொன்னதுதான் சரி,” என்றார்.

இத்தனை வருட உழைப்பும் தண்ணீரோடு போனது மாசிலாமணிக்குப் புரிந்தது. ஐயாவை எப்படியாவது தேற்ற வேண்டும் போலிருந்தது.

“நல்லவேளை ஐயா, இதைப் பார்க்க அவர் இல்லை.”

வேதாசலம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“அதைத்தானப்பா என்னால் தாங்க முடியவில்லை.”