எதிர்ச்சுவர்

மாநகரத்தின் பெரிய ஓவிய அருங்காட்சியகத்தில் புதியவர்களின் கண்காட்சிக்கு அன்று கடைசி நாள். தணிகைவேல் காலை பத்து மணிக்கே வந்துவிட்டார். நில அளவையராக இருந்து ஓய்வு பெற்றபின் தூரிகை பிடித்தவர். அவருடைய படம் ஒன்று முதல்முறையாகச் சுவரில் ஏறியிருந்தது. பேருந்து நிலையத்தில் மழைக்கு ஒதுங்கிய கூட்டம்.

குறுகலான கூடம். தன் படத்துக்கு நேர் எதிரே, சுவரோரமாக, எல்லைக்கல் நட்டதுபோல் நின்றுகொண்டார். அங்கிருந்து பார்த்தால் யார் நிற்கிறார்கள், யார் கடந்து போகிறார்கள் என்பது துல்லியமாகத் தெரியும்.

அவருக்கு ஓவியம் கற்றுக்கொடுத்த ஜெசிந்தா நாலு மணிக்கு வந்தார். சீடரைவிட இருபது வயது சிறியவர்.

“சாப்பிட்டீங்களா சார்?”

“இல்ல டீச்சர். நான் நகர்ந்த நேரம் பார்த்து யாராவது வந்து பார்த்துட்டுப் போயிட்டா?”

“நல்லதுதானே.”

“எனக்குத் தெரியாமப் போயிடுமே!”

ஜெசிந்தா சிரித்தார். தணிகைவேல் சிரிக்கவில்லை.

“அஞ்சு மணிக்குள்ள ஒருத்தராவது நின்னு பார்க்கணும். இல்லேன்னா இனிமே தூரிகையைத் தொடமாட்டேன். முடிவு பண்ணிட்டேன்.”



நாலரைக்குப் பருமனான ஒருவர் அந்தப் படத்தின் முன் வந்து நின்றார். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். தணிகைவேலுக்குப் பொறுக்கவில்லை.

“படம் பிடிச்சிருக்கா சார்?”

அவர் திரும்பினார். “எந்தப் படம்? ஏசி காத்து இங்கதான் நல்லா வருது.”

கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

“கேட்டீங்களா டீச்சர்? ஆறரை மணி நேரம். ஏன் ஒருத்தர்கூடப் பார்க்கல?”

ஜெசிந்தா தணிகைவேலின் இடது தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். பிறகு வலது தோளுக்கு மேலாக. முகத்தைப் பார்க்கச் சங்கடப்படுகிறார் போலும் என்று தணிகைவேல் நினைத்தார்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்.”

தள்ளி நின்று திரும்பினார். அவர் முதுகு மறைத்திருந்த இடத்தில் ஒரு சின்னப் படம். மொட்டைமாடிக் கொடியில் காயும் நர்ஸ் சீருடை.

ஜெசிந்தா அதை நெடுநேரம் பார்த்தார்.

“இதை வரைஞ்சவரும் காலையிலேருந்து இங்கதான் எங்கேயாவது நின்னுக்கிட்டிருப்பார் சார்.”